நூறு நாள்கள் (9): புட்டாரேயின் பன்னிரண்டு நாள்கள்

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபர் ஜுவெனால் ஹப்யரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதையும், விடிவதற்குள் கிகாலியின் தெருக்களில் சோதனைச்சாவடிகள் முளைத்ததையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். ஒரு சில நாள்களுக்குள் வடக்கே கிசெனியிலும் கிழக்கே கிபுங்கோவிலும் தெற்கே கிகோங்கோரோவிலும் துட்சி மக்களைத் தேடித் தேடிக் கொல்வது தொடங்கிவிட்டது. ஆனால் புட்டாரே மாகாணத்தின் பெரும்பகுதியில் அது தொடங்கவில்லை. நாட்டிலேயே துட்சிகளின் விகிதம் மிக அதிகமாக இருந்த மாகாணம் அது. பல்கலைக்கழகம் இருந்த ஊர். ஹுட்டு, துட்சி குடும்பங்களுக்கிடையே கலப்புத் திருமணங்கள் நிறைய நடந்த ஊர். பிற மாகாணங்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் புட்டாரேயை நோக்கி ஓடினார்கள். அங்கே மாகாண ஆட்சியராக இருந்தவர் ஜான்-பாப்டிஸ்ட் ஹப்யலிமானா. கொல்லப்பட்ட அதிபரின் பெயரும் இவர் பெயரும் ஓர் எழுத்தில்தான் வேறுபடும். வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொறியியல் படித்தவர், லிபரல் கட்சியைச் சேர்ந்தவர், அன்றைய ருவாண்டாவின் மாகாண ஆட்சியர்களில் ஒரே துட்சி. தனக்குக் கீழிருந்த ஒன்றியத் தலைவர்களையும் காவல் அதிகாரிகளையும் கூட்டிப் பேசி, ஊர் ஊராகப் போய், எங்கே கலவரம் வெடிக்கும் என்று தகவல் வந்தாலும் அங்கே ஆள் அனுப்பி, ஏறக்குறைய பன்னிரண்டு நாள்கள் அவர் மாகாணத்தைப் பிடித்து நிறுத்தினார்.

ஏப்ரல் 17 அன்று, அதிபர் கொல்லப்பட்ட பின் அமைந்த இடைக்கால அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியதாக வானொலி அறிவித்தது. ஏப்ரல் 19 அன்று புதிய ஆட்சியர் சில்வேன் என்சபிமானா பதவியேற்கும் விழா புட்டாரேயில் நடந்தது. அதில் பேசுவதற்கு இடைக்கால அதிபர் தியோடோர் சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அவரும் புட்டாரேக்காரர்தான், தொழிலால் குழந்தைகள் மருத்துவர். நாட்டில் நடப்பது தங்களுக்குச் சம்பந்தமில்லாதது போல் ஒதுங்கி நிற்பவர்களை அந்த மேடையில் அவர் கண்டித்தார். கொல்லுங்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, கேட்டவர்களுக்குப் புரிந்தது. வெளியிலிருந்து படையினர் வந்து இறங்கினார்கள். மறுநாள், ஏப்ரல் 20 அன்று, முன்னாள் மன்னர் மூன்றாம் முத்தாராவின் மனைவியும் வயது முதிர்ந்தவருமான ரோசலி கிகாண்டாவைப் புட்டாரேயிலுள்ள அவர் வீட்டிலிருந்து இழுத்துச் சென்று கொன்றார்கள். அதன் பிறகு நாட்டின் மிகக் கொடிய படுகொலைக் களங்களில் ஒன்றாக அந்த மாகாணம் ஆனது. ஹப்யலிமானா பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தப் பன்னிரண்டு நாள்களை எப்படி வாசிப்பது? ஒரு நல்ல மனிதர் முயன்றார், தோற்றார், மாண்டார் என்று இரண்டு வரியில் அஞ்சலி செலுத்திவிட்டு நகர்வதே வழக்கம். எனக்கு அது போதாது. புட்டாரேயில் கிடைப்பது ஒரு வரலாற்றுச் சான்று. ருவாண்டாவின் இனப்படுகொலையை விளக்க இரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. நூற்றாண்டுகளாகப் புகைந்த இனப்பகை ஒரே இரவில் வெடித்தது என்பது ஒன்று. மேலிருந்து ஆணை வந்தது, கீழே இருந்தவர்களுக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழியில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருந்தால் புட்டாரே முதல் நாளே எரிந்திருக்க வேண்டும். பகை தானாக வெடிப்பதென்றால், துட்சிகள் அதிகம் வாழ்ந்த இடத்தில் அது ஏன் பன்னிரண்டு நாள் காத்திருந்தது? ஆணை தானாக நிறைவேறுவதென்றால், அரசு ஏன் ஆட்சியரை மாற்றி, அதிபரையே அனுப்பி, வெளியிலிருந்து ஆயுதம் ஏந்தியவர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது? கொலை தானாக நடக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. மறுத்தவர்களின் வரலாறு நமக்குக் காட்டுவது இதைத்தான். அவர்களுடைய துணிவையும் இரக்கத்தையும் ஆறுதலுக்காகப் படிப்பதைவிட, கொலை இயந்திரம் எப்படி ஓடியது, எங்கெங்கே நின்றது என்று அறிவதற்காகப் படிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

புட்டாரேக்கு வடக்கே கித்தாரமா மாகாணத்திலும் இதே காட்சி சிறு மாற்றத்துடன் நடந்தது. அங்கே ஆட்சியர் ஃபிதேல் உவிசேயே ஹுட்டு இனத்தவர். அவரும் தன் ஒன்றியத் தலைவர்களைத் திரட்டி வன்முறையைத் தடுக்க முயன்றார். அந்தத் தலைவர்களில் ஒருவர் தபா ஒன்றியத்தின் ஜான்-போல் அகாயேசு. ஆசிரியராக இருந்து, பள்ளி ஆய்வாளராகி, ஊரில் மதிப்புப் பெற்று, 1993 ஏப்ரலில் ஒன்றியத் தலைவரானவர். 1994 ஏப்ரல் 18 வரை அவர் தபாவில் கொலைகளைத் தடுக்கவே முயன்றார். இதைச் சொல்வது அவருடைய ஆதரவாளர்கள் அல்ல. அவரைத் தண்டித்த நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் ஒன்றியத் தலைவர்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிய அகாயேசு வேறு மனிதராகத் திரும்பினார். மறுநாளே மக்களைக் கூட்டி எதிரியை ஒழிக்கச் சொன்னார். ஒன்றிய அலுவலகத்துக்கு அடைக்கலம் தேடி வந்த பெண்கள் அவர் கண்ணெதிரே, அவருக்குத் தெரிந்தே வன்புணரப்பட்டார்கள். தபாவில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டார்கள். 1998 செப்டம்பர் 2 அன்று ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் அவரைக் குற்றவாளி என்றது. இனப்படுகொலைக் குற்றத்துக்காகப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் தீர்ப்பு அது. வன்புணர்ச்சியும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் ஆகலாம் என்று முதன்முதலில் நிறுவியதும் அதுவே. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. ஹப்யலிமானாவையும் அகாயேசுவையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகும். ஏப்ரல் 17 அன்று இருவரும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். துட்சியான ஹப்யலிமானாவுக்கு அணி மாறும் வாய்ப்பே கிடையாது, அகாயேசுவுக்கு இருந்தது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அகாயேசுவுக்கு இருந்தது வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டால், மறுப்பதும் அந்த வாய்ப்பில் ஒரு பாதி என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஒரே மாகாணத்துக்குள் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியும். புட்டாரேயின் ஓரத்திலிருந்த நியாக்கிசு ஒன்றியத்தில், ஆட்சியர் நீக்கப்படும் முன்பே கொலை தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ஒன்றியத் தலைவர் லாடிஸ்லாஸ் நிட்டகன்ஸ்வா. அதே மாகாணத்தின் நியாபிசிந்து ஒன்றியத் தலைவர் ஜான்-மரி வியான்னே கிசகாரா கொலையாளிகளை எதிர்த்து நின்றார்; அவரைப் பிடித்துக் கொன்ற பிறகே அந்த ஊர் பணிந்தது. வடக்கே பியும்பா மாகாணத்தின் கித்தி ஒன்றியத்தில், தலைவர் எதுவார் செபுஷும்பா கலவரக்காரர்களைத் தொடக்கத்திலேயே அடக்கினார். சுற்றிலும் கொலை நடந்தபோதும் கித்தியில் இனப்படுகொலை நடக்கவில்லை. அரசை எதிர்த்துப் போரிட்ட ருவாண்டா தேசபக்தி முன்னணியின் படைகள் அங்கே சீக்கிரமே வந்துவிட்டதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் படை வந்து சேர்வதற்கு முந்தைய நாள்களைக் கடத்தியது யார் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

அதிகாரிகளை விட்டுவிட்டுப் பொதுமக்களிடம் வருவோம். அமெரிக்க அரசியல் அறிஞர் ஸ்காட் ஸ்ட்ராஸ் ருவாண்டாவின் சிறைகளில் தண்டனை பெற்ற 210 கொலையாளிகளைச் சந்தித்துப் பேசி, 2006இல் தன் ஆய்வை நூலாக வெளியிட்டார். கொலைகளில் பங்கெடுத்தவர்கள் 1,75,000 முதல் 2,10,000 பேர் வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. அதாவது அன்றைய ஹுட்டு வயதுவந்த ஆண்களில் 14 முதல் 17 சதவீதம். அச்சமூட்டும் எண்தான். ஒரு சிறிய நாட்டில் இரண்டு லட்சம் பேர் அண்டை வீட்டாரைக் கொல்லக் கிளம்பினார்கள் என்பதை எந்த வாதத்தாலும் சிறிதாக்க முடியாது. ஆனால் அதே கணக்கின்படி ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் வீரர்கள் அல்லர். பெரும்பாலோர் ஒதுங்கினார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள், சோதனைச்சாவடிக் காவலுக்கு முறை வந்தபோது நோய் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்கள், கொள்ளையடித்த மாட்டில் பங்கு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர்களும் உண்டு. ‘ஹுட்டுகள் துட்சிகளைக் கொன்றார்கள்’ என்று ஒரு சமூகம் முழுவதையும் எழுவாயாக வைத்து எழுதும் வாக்கியம், கொலையைத் திட்டமிட்டவர்கள் எதை நம்ப வைக்க விரும்பினார்களோ அதையே வரலாறாகப் பதிவு செய்துவிடுகிறது.

ஒதுங்கியவர்களுக்கும் கொன்றவர்களுக்கும் அப்பால் இருந்த சிலர் உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் கையில் இருந்த கருவிகள் எவை என்று பார்ப்பது பயனுள்ளது. ருஹாங்கோ பகுதியின் முசாமோ கிராமத்தில் சூரா கருஹிம்பி என்ற ஹுட்டு மூதாட்டி வாழ்ந்தார். பரம்பரை நாட்டு வைத்தியர். இரண்டு அறை கொண்ட அவருடைய சிறு வீட்டிலும் தோட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒளிந்திருந்தார்கள். அவரிடம் துப்பாக்கி இல்லை, பதவி இல்லை, பணம் இல்லை. சூனியக்காரி என்று ஊர் அவரைப் பற்றி நம்பியது மட்டுமே அவருடைய சொத்து. தொட்டால் தோல் எரியும் பச்சிலையைத் தன் உடலிலும் வீட்டிலும் பூசி வைத்தார். ஆயுதங்களோடு வந்த, இன்டரஹாம்வே என்ற கொலைக் குழுவின் இளைஞர்கள் முன்னால் வளையல்களைக் குலுக்கி, உள்ளே காலெடுத்து வைத்தால் ஆவிகளின் கோபம் உங்கள் குடும்பத்தையே அழிக்கும் என்று மிரட்டினார். அவர்கள் திரும்பிப் போனார்கள். பகலெல்லாம் மனிதர்களை வெட்டிய கைகள் ஒரு கிழவியின் சாபத்துக்கு அஞ்சின. அந்த இளைஞர்களின் கீழ்ப்படிதல் முழுமையானதாக இல்லை. அரசின் ஆணையைவிட ஆழமான அச்சங்கள் அவர்களுக்குள் இருந்தன. அந்த அச்சங்களை அறிந்த ஒருவரால் அவர்களை நிறுத்த முடிந்தது.

வடமேற்கே கிசெனியில் பெலிசித்தே நியித்தகேக்கா எந்தக் கருவியும் இல்லாமல் நின்றார். ஹுட்டு இனத்தவர், கத்தோலிக்கத் துறவுப் பணியாளர், புனித பேதுரு மையத்தின் பொறுப்பாளர். வந்த துட்சிகளைத் தங்கவைத்து, இரவில் எல்லையைக் கடந்து சயீரின் கோமா நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரர் இராணுவத்தில் கர்னல். உடனே வெளியேறிவிடு, ஆபத்து என்று அவர் செய்தி அனுப்பினார். தன்னிடம் அடைக்கலம் வந்தவர்களை விட்டு வர முடியாது என்று பெலிசித்தே பதில் எழுதினார். ஏப்ரல் 21 அன்று கொலையாளிகள் வந்து எல்லோரையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது, கர்னலின் சகோதரி என்பதால் அவரை மட்டும் விட்டுவிட முன்வந்தார்கள். அவர் ஏற்கவில்லை. அவர்களோடு சேர்த்து அவரையும் சுட்டுக் கொன்றார்கள். தப்புவதற்கு வாசல் திறந்திருந்த ஒருவர் அதன் வழியே போகாமல் நின்ற இந்தச் செயலுக்கு நான் எந்தக் கோட்பாட்டு விளக்கமும் தரப்போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: ஒளிந்தவர்களைக் காட்டிக்கொடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று பின்னாளில் பலர் சொன்ன அதே நாள்களில், அதே நாட்டில் இது நடந்தது.

கிகாலியின் நியாமிராம்போ பகுதியில் தாமாஸ் கிசிம்பா நடத்திய அநாதை இல்லத்தில் ஏறக்குறைய 400 பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கார்ல் வில்கென்ஸ் என்ற அமெரிக்கர் அந்த இல்லத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அட்வென்டிஸ்ட் திருச்சபையின் நிவாரணப் பணியாளர். தன் நாட்டுத் தூதரகம் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது குடும்பத்தை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கியவர். ஒருநாள் ஆயுதக் கும்பல் இல்லத்தைச் சூழ்ந்தது. உதவி கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போன வில்கென்ஸ், அங்கே தற்செயலாக வந்திருந்த இடைக்காலப் பிரதமர் ஜான் கம்பாண்டாவை நேருக்கு நேர் பார்த்து, அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். கம்பாண்டா உறுதியளித்தார்; தாக்குதல் நடக்கவில்லை; பிறகு எல்லோரும் புனித மிக்கேல் பேராலயத்துக்குப் பாதுகாப்பாக மாற்றப்பட்டார்கள். இந்தக் கம்பாண்டாதான் 1998இல் தீர்ப்பாயத்தின் முன் இனப்படுகொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றவர். அந்த நூறு நாள்களில் அவர் ஒரு சொல் சொன்னால் ஒரு கும்பல் நின்றது. எத்தனையோ இடங்களில் அந்தச் சொல் சொல்லப்படவில்லை என்பது, கிசிம்பாவின் இல்லத்தில் 400 பேர் பிழைத்ததால் இன்னும் கடுமையான குற்றச்சாட்டாக ஆகிறது.

செனகல் நாட்டு இராணுவத்தின் கேப்டன் எம்பாயே தியாங்னேயையும் இங்கே சொல்ல வேண்டும். ஐ.நா. அமைதிப்படையின் கண்காணிப்பாளர், ஆயுதம் கிடையாது, தலையிடக் கூடாது என்பது மேலிடத்து விதி. ஏப்ரல் 7 காலை பிரதமர் அகதே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டபோது ஒளிந்திருந்த அவருடைய ஐந்து குழந்தைகளைத் தப்பவைத்ததில் தொடங்கி, தன் வண்டியில் மூன்று பேர், ஐந்து பேர் என ஏற்றிக்கொண்டு சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாகக் கடந்தார். நகைச்சுவையாகப் பேசினார், சிகரெட் கொடுத்தார், காவல் நின்றவர்களின் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டார். இப்படி நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31 அன்று ஒரு சோதனைச்சாவடியில் நின்றிருந்தபோது அருகே விழுந்த பீரங்கிக் குண்டின் சிதறல் பட்டு இறந்தார். சிறந்த துணிவுக்கான பதக்கம் ஒன்றை 2014இல் பாதுகாப்பு மன்றம் அவர் பெயரில் நிறுவியது. அவர் விதியை மீறியதற்காகத்தான் அந்த அமைப்பு இன்று அவரைக் கொண்டாடுகிறது என்பதை அதன் அதிகாரிகள் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலுவான மறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள், உயிருக்கு அஞ்சிய ஒரு விவசாயியை, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்? ஸ்ட்ராஸிடம் பேசிய கைதிகளில் பலர் இதையே சொன்னார்கள்: மற்ற ஹுட்டுகள் கட்டாயப்படுத்தினார்கள், வராவிட்டால் துரோகி என்று எங்களையே வெட்டியிருப்பார்கள். இதைப் பொய் என்று தள்ள முடியாது. முதல் நாள்களில் கிகாலியில் குறிவைத்துக் கொல்லப்பட்டவர்களில் பிரதமர் உட்பட ஹுட்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் இருந்தார்கள். ஹுட்டாக இருப்பது மட்டும் பாதுகாப்பு அல்ல என்று எல்லோருக்கும் காட்டப்பட்டது. ஆகவே, ஒளித்து வைக்காதவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காப்பாற்றாமல் இருப்பதற்கும் கொல்வதற்கும் இடையே ஒரு பெரிய வெளி இருந்தது. அபராதம் கட்டித் தப்பியவர்கள், நோய் சொன்னவர்கள், கும்பலின் பின்வரிசையில் நடந்து கையை உயர்த்தாமல் திரும்பியவர்கள் என்று அந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். அந்த வெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சில குன்றுகளில் அது ஏறக்குறைய மூடிப்போயிருந்தது. மூடிய இடங்களிலும், அதை மூடியவர்கள் பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள்.

அடுத்த மறுப்பு, காப்பாற்றியவர்களின் தூய்மையைப் பற்றியது. லீ ஆன் ஃபூஜி என்ற ஆய்வாளர் ருவாண்டாவின் இரண்டு ஊர்களில் தங்கிச் செய்த ஆய்வில் மனத்தைச் சங்கடப்படுத்தும் உண்மை ஒன்றைக் கண்டார். கும்பலோடு போய்க் கொன்ற அதே ஆள், தனியாக இருந்தபோது எதிர்ப்பட்ட துட்சியைப் போகவிட்டிருக்கிறார், சிலரை ஒளித்தும் வைத்திருக்கிறார். மைத்துனரைக் காப்பாற்றியவர் மைத்துனரின் அண்டை வீட்டுக்காரரைக் கொன்றார். பணம் வாங்கிக்கொண்டு அடைக்கலம் கொடுத்து, பணம் தீர்ந்ததும் வெளியே தள்ளியவர்கள் இருந்தார்கள். அப்படியானால் காப்பாற்றியவர், கொன்றவர் என்று பிரிப்பதே பொருளற்றது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். நான் இதிலிருந்து எதிர்த்திசையில் போவேன். பிறவியிலேயே நல்லவர்கள் காப்பாற்றினார்கள், பிறவியிலேயே தீயவர்கள் கொன்றார்கள் என்றிருந்தால் அதில் நாம் கற்க எதுவும் இல்லை. ஒரே மனிதர் செவ்வாயன்று கொன்று புதனன்று காப்பாற்றினார் என்றால், ஒவ்வொரு நாளும் அவர் முன் ஒரு முடிவு இருந்தது என்று பொருள். தனியாக இருந்தபோது இரக்கம் வென்றது, கூட்டத்தில் இருந்தபோது தோற்றது என்ற அந்த நுட்பமான கவனிப்பு, கொலையை நடத்தியவர்கள் ஏன் எப்போதும் கூட்டமாகவே ஆள்களை அழைத்துச் சென்றார்கள் என்பதையும் விளக்கிவிடுகிறது.

வீரக் கதைகள் அரசியலுக்குப் பயன்படுகின்றன என்பது மூன்றாவது மறுப்பு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கிகாலியின் மில் கொலின்ஸ் ஓட்டலில் 1,268 பேர் உயிர் பிழைத்த கதை 2004இல் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. ஓட்டலைப் பொறுப்பேற்று நடத்திய போல் ருசேசபாகினா 2005இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதைப் பெற்றார். ஓட்டலில் தங்கியிருந்தவர்களில் சிலர் படம் அவருடைய பங்கைப் பெரிதாக்கிவிட்டது, தங்களிடம் அவர் பணம் கேட்டார் என்று மறுத்தார்கள். வேறு சிலர் அவரை ஆதரித்தார்கள். அவர் ருவாண்டா அதிபர் பால் ககாமேயின் அரசைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார். 2020இல் கைதாகி, 2021இல் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2023இல் விடுவிக்கப்பட்டார். அந்த விசாரணை நேர்மையானதல்ல என்று மனித உரிமை அமைப்புகள் கூறின. மறுபுறம், இன்றைய ருவாண்டா அரசின் நினைவுவிழாக்களில், தேசபக்தி முன்னணியின் படையினர் அதே ஆண்டில் ஹுட்டுப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது பேசப்படுவதில்லை. யாரை வீரர் என்பது, யாருடைய இறந்தவர்களை எண்ணுவது என்பதெல்லாம் அதிகாரத்தின் கையில் இருக்கும்போது தனிநபர் கதைகளை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். அதனால்தான் இந்த அத்தியாயத்தை ஓட்டலில் தொடங்காமல் புட்டாரேயில் தொடங்கினேன். ஹப்யலிமானா தடையாக இருந்தார் என்பதற்கு யாருடைய நினைவும் தேவையில்லை. தடையாக இல்லாத ஒருவரை அரசு வானொலியில் அறிவித்து நீக்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு எண்ணிக்கை பற்றியது. குறைந்தது ஐந்து லட்சம், எட்டு லட்சம், அதற்கும் மேல் என்று மதிப்பிடப்படும் சாவுகளின் முன்னால் சில நூறு, சில ஆயிரம் மீட்புகள் என்ன கணக்கு? இனப்படுகொலையை நிறுத்தியது இரக்கம் அல்ல, தேசபக்தி முன்னணியின் இராணுவ வெற்றி. சரிதான். தனிமனிதத் துணிவு ஓர் அரசின் கொலைத் திட்டத்தை முறியடிக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் மறுப்பின் மதிப்பு மறுப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து பலமடங்காகிறது. சூரா மறுத்தால் நூறு பேர். ஓர் ஒன்றியத் தலைவர் மறுத்தால் ஓர் ஊர். ஒரு மாகாண ஆட்சியர் மறுத்தால் பன்னிரண்டு நாள்கள். இந்த ஏணியில் இன்னும் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். கிகாலியின் கிச்சுகிரோவிலிருந்த தொழில்நுட்பப் பள்ளியில் பெல்ஜியப் படையினரின் காவலில் 2,000 பேருக்கு மேல் தங்கியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று அந்தப் படைக்குத் திரும்ப ஆணை வந்தது. வண்டிகள் வாசலைத் தாண்டியதும் கொலையாளிகள் உள்ளே நுழைந்தார்கள். பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். அதே நகரில் அமஹோரோ விளையாட்டரங்கில் ஐ.நா. படையினர் தங்கியிருந்தார்கள், அங்கே அடைக்கலம் புகுந்த 12,000 பேர் வரை பெரும்பாலும் பிழைத்தார்கள். ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு மன்றம் தன் 912ஆம் தீர்மானத்தின்படி அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. தளபதி ரோமியோ தலேரும் கானா நாட்டுத் துணைத்தளபதி ஹென்றி அன்யிதோஹோவும் முழுமையாக வெளியேற மறுத்து, 450 பேர் வரை வைத்துக்கொண்டு நின்றார்கள். இலேசான ஆயுதம் கொண்ட அந்தச் சிறு படை நின்ற இடங்களில் மக்கள் பிழைத்தார்கள் என்றால், நியூயார்க்கில் வேறு முடிவு எடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி வெறும் ஊகம் அல்ல. ஒரு வைத்தியக் கிழவி தன் வாசலில் செய்ததை, உலகின் மிக வலிமையான நாடுகள் தங்கள் மேசையில் செய்யவில்லை.

காப்பாற்றியவர்களைப் பற்றிப் பேசும்போது, காப்பாற்றப்பட்டவர்கள் வெறுமனே காத்திருந்தார்கள் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. அது அநீதி. மேற்கே கிபுயே மாகாணத்தின் பிசெசேரோ மலைகளில் பல்லாயிரம் துட்சிகள் கூடி, கல்லும் ஈட்டியும் கொண்டு வாரக்கணக்கில் போரிட்டார்கள். அமினாதாபு பிராரா என்ற முதியவர் அவர்களை வழிநடத்தினார். தாக்க வருபவர்கள் நெருங்கும்வரை தரையில் படுத்திருந்து, பிறகு எழுந்து அவர்கள் நடுவே பாய்ந்து கலந்துவிட வேண்டும். அப்போது துப்பாக்கி வைத்திருப்பவர்களால் தங்கள் ஆள்கள் மீது படாமல் சுட முடியாது என்பது அவர் கற்றுக்கொடுத்த உத்தி. மே 13 அன்று பிற மாகாணங்களிலிருந்தும் ஆள்கள் பேருந்துகளில் கொண்டுவரப்பட்டு நடந்த பெருந்தாக்குதலில் அந்த எதிர்ப்பு உடைந்தது. ஜூன் 27 அன்று பிரெஞ்சுப் படையினர் அங்கே வந்து, எஞ்சியவர்களைப் பார்த்துப் பேசி, மீண்டும் வருவதாகச் சொல்லிப் போனார்கள். திரும்பி வந்தது ஜூன் 30. மறைவிடங்களிலிருந்து வெளியே வந்து முகம் காட்டிவிட்ட நூற்றுக்கணக்கானோர் அந்த இடைவெளியில் கொல்லப்பட்டார்கள். கடைசியில் மலைகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்கள் வாரக்கணக்கில் தங்கள் உயிரைத் தாங்களே காத்துவந்தார்கள். வெளியிலிருந்து வந்த உதவி மூன்று நாள் தாமதமானது.

போர் முடிந்த பின்னும் மறுக்க வேண்டிய தருணங்கள் முடியவில்லை. 1994 ஏப்ரலில் நியாங்கே தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த மக்களின் மேல் புல்டோசர் கொண்டு கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பங்கின் குரு அத்தனாஸ் செரோம்பா அந்தக் குற்றத்தை நேரடியாகவே புரிந்தவர் என்று 2008இல் மேல்முறையீட்டில் முடிவாகி, ஆயுள் தண்டனை பெற்றார். அதே நியாங்கேயின் மேல்நிலைப் பள்ளிக்குள் 1997 மார்ச் 18 இரவு எல்லை தாண்டி வந்த ஆயுதக்குழு நுழைந்தது. ஹுட்டுகள் ஒருபக்கம், துட்சிகள் ஒருபக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றது. மாணவர்கள் பிரியவில்லை. சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். மாணவர்கள் சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். குருவுக்குப் படிப்பும் பதவியும் சமூக மதிப்பும் இருந்தன. பிள்ளைகளுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

காப்பாற்றியவர்களின் பிற்கால வாழ்க்கை எளிதாக இல்லை. உறவினரும் ஊராரும் அவர்களைச் சாட்சிகளாகப் பார்த்து அஞ்சினார்கள், வெறுத்தார்கள். பிழைத்தவர்களில் சிலரோ, எங்களை மட்டும் விட்டுவைத்து மற்றவர்களை என்ன செய்தாய் என்று சந்தேகித்தார்கள். சூராவுக்கு 2006இல் அரசு பதக்கம் அளித்தது. பலருக்கு அதுவும் இல்லை. 2005 முதல் 2012 வரை நாடு முழுவதும் ஊர்வாரியாகப் புல்வெளிகளில் கூடிய கச்சாச்சா மன்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் வழக்குகளை விசாரித்தன. ஒளித்து வைத்தவர்கள் அங்கே எழுந்து, யார் யார் தங்கள் கதவைத் தட்டினார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. தட்டியவர்களில் சொந்தத் தம்பியும் சித்தப்பாவும் மாமனாரும் இருந்தார்கள். அந்த மன்றங்களில் என்ன நடந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.